கொடுத்ததா, கொடுக்க வைத்ததா?

நான் பிறந்தது ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரியில். இதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. வடசென்னையில் பாதிப் பேர் அங்கேதான் பிறந்தோம். அந்த நான்கு எழுத்தை விரித்தால் ராஜா சர் ராமசாமி முதலியார் என்று வரும். அவர் கொடுத்த பணத்தில் 1880-இல் எழுந்த பிரசவ ஆஸ்பத்திரி அது. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் ஸ்டான்லி. என் பாட்டி கடைசிவரை அதை ஸ்டான்லி என்று சொன்னதே இல்லை, 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி'தான். 1782 பஞ்சத்தில் ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றிய இடம், பிறகு மணியக்காரர் சத்திரம், அப்புறம் அதற்குள் ஒரு சின்ன ஆஸ்பத்திரி, கடைசியில் அரசு ஆஸ்பத்திரி. இன்று அங்கே டாக்டருக்குச் சம்பளமும் நோயாளிக்கு மாத்திரையும் வரிப்பணத்தில் வருகின்றன.

ஒன்று பணக்காரர் மனமுவந்து கொடுத்தது. இன்னொன்று எல்லோரிடமும் கட்டாயமாக வாங்கியதில் நடப்பது. எங்கள் தெருவில் பிளஸ் டூ படிக்கும் பையன் ஒருவன் போன வாரம் கேட்டான்: "அண்ணா, ஒருத்தர்கிட்ட லட்சம் கோடி இருந்தா அது தப்பா? தப்புன்னா அவரே கொடுக்கணுமா, நாம பிடுங்கிக்கலாமா?" அவனுக்கு டீக்கடையில் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் நிதானமாக எழுதுகிறேன்.

முதலில் அந்த லட்சம் கோடியை அளந்து பார்க்க வேண்டும். தினமும் 1,000 ரூபாயை, ஒரு பைசா செலவில்லாமல், உண்டியலில் போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். லட்சம் சேர 100 நாள். கோடி சேர 27 வருஷத்துக்குக் கொஞ்சம் மேல். ஆயிரம் கோடி சேர 27,000 வருஷம். லட்சம் கோடி சேர 27 லட்சம் வருஷம். நம்மைப் போன்ற மனிதர்கள் இந்த பூமியில் தோன்றியே சுமார் 3 லட்சம் வருஷம்தான் ஆகிறது.

ஆகவே 'அதிகப் பணக்காரர்' என்பதும் 'பெருஞ்செல்வர்' என்பதும் ஒரே ஏணியின் மேல்படி, கீழ்ப்படி இல்லை. தங்கசாலைத் தெருவில் மூன்று மாடி வைத்திருக்கும் நகைக்கடைக்காரர் பணக்காரர். அவரை இந்தக் கட்டுரையில் விட்டுவிடலாம். லட்சம் கோடியைக் கூலியாகவோ சம்பளமாகவோ யாரும் சேர்த்ததில்லை. நிறுவனப் பங்குகள், நிலம், கனிமம், உரிமம், இவற்றின் மதிப்பு ஏற ஏறச் சேர்வது அது. இந்தியாவில் 2022-23 நிலவரப்படி நாட்டின் மொத்தச் சொத்தில் 40.1 சதவீதம், வருமானத்தில் 22.6 சதவீதம், மேலே இருக்கும் 1 சதவீதத்தினரிடம் இருந்ததாக தாமஸ் பிகெட்டி உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2024-இல் கணக்கிட்டார்கள். இரண்டு எண்களுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியைக் கவனியுங்கள். வருமானத்தைவிடச் சொத்துதான் இன்னும் குறுகிய கைகளில் குவிந்திருக்கிறது.

சரி, குவிந்தால் என்ன? யாரையும் ஏமாற்றாமல் குவிந்திருந்தால்?

இந்தக் கேள்விக்கு ஆகப் பலமான வாதத்தை அமெரிக்கத் தத்துவவாதி ராபர்ட் நோசிக் 1974-இல் வைத்தார். அவர் கூடைப்பந்து வீரர் ஒருவரை உதாரணம் சொன்னார். நாம் வியாசர்பாடிக்கு ஏற்ப கேரம் என்று மாற்றிக்கொள்வோம். தெருவில் எல்லோருக்கும் சமமாகப் பணம் பிரித்துக் கொடுத்தாயிற்று. இப்போது அபாரமாக ஆடும் ஒரு பெண், ஆட்டத்தைப் பார்க்க வருகிறவர்கள் 10 ரூபாய் போடட்டும் என்று பக்கத்தில் ஒரு பெட்டி வைக்கிறாள். ஆயிரம் பேர் சந்தோஷமாகப் போடுகிறார்கள். சாயங்காலம் அவளிடம் 10,000 ரூபாய் கூடுதல். சமம் போய்விட்டது. ஆனால் தப்பு எங்கே நடந்தது? போட்டவர் மனசார போட்டார், வாங்கியவள் ஆடித்தான் வாங்கினாள். சமத்தை மறுபடி கொண்டுவர வேண்டுமென்றால் அவளிடமிருந்து பிடுங்க வேண்டும், நாளைக்கும் பிடுங்க வேண்டும், ஓயாமல் பிடுங்கிக்கொண்டே இருக்க வேண்டும். உழைத்து வந்ததில் வரி கேட்பது கட்டாய வேலை வாங்குவதற்குச் சமம் என்பது வரைக்கும் நோசிக் போனார்.

நம் ஊரிலும் இதற்குத் துணையாக ஒரு குறளை இழுப்பார்கள். 'வேலொடு நின்றான் இடுஎன் றதுபோலும் கோலொடு நின்றான் இரவு.' வேலைப் பிடித்துக்கொண்டு 'கொடு' என்கிற வழிப்பறிக்காரனும் செங்கோலைப் பிடித்துக்கொண்டு கேட்கிற அரசனும் ஒன்று. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது கொடுங்கோன்மை அதிகாரத்தில் வரும் குறள். அதே வள்ளுவர் இன்னோர் இடத்தில் சுங்கப் பணமும் அரசனுக்கு உரிய பொருள்தான் என்கிறார். மிரட்டிப் பிடுங்குகிற ஆளைத்தான் அவர் திட்டுகிறார், வரியை அல்ல.

நோசிக்கின் கேரம் உதாரணத்தை நான் லேசாக ஒதுக்கமாட்டேன். கஷ்டப்பட்டுச் சின்னக் கடை வைத்து முன்னேறியவர்களிடம் கேட்டுப் பாருங்கள், எல்லோரும் ஏதோ ஒரு வகையில் நோசிக்தான். ஆனால் அந்தக் கதை ஓர் இடத்தில் சொல்லாமல் நழுவுகிறது. கேரம் போர்டு யாருடையது? அது போட்டிருக்கும் தெரு யாருடையது? எல்லோருக்கும் சமமாகப் பிரித்த பிறகு என்றுதானே கதையே ஆரம்பிக்கிறது. நிஜத்தில் யாரும் அங்கிருந்து ஆரம்பிப்பதில்லை. இதை நோசிக்கும் ஒத்துக்கொள்கிறார்: சொத்து முதலில் கைக்கு வந்த வழி நியாயமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் அதைச் சரி செய்தாக வேண்டும். அவரை மேற்கோள் காட்டுகிறவர்கள் பெரும்பாலும் இந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

காசிமேட்டில் பங்கு பிரிப்பதைப் பார்த்தால் இந்த விஷயம் இன்னும் தெளிவாகும். படகு கரைக்கு வந்து மீன் ஏலம் போனதும், டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழிக்கிறார்கள். மிச்சத்தில் படகு முதலாளிக்கு இவ்வளவு, ஆட்களுக்கு இவ்வளவு, டிரைவருக்குக் கொஞ்சம் கூடுதல். அந்தப் பங்கை வாங்கும் மீனவர் முதலாளிக்குக் கும்பிடு போட்டு 'தர்மம் பண்ணீங்க' என்று சொல்வதில்லை. அது அவர் பங்கு. கடல் சொல்லிக் கொடுத்த விகிதமும் இல்லை அது. மனிதர்கள் பேசி, சண்டை போட்டு, வழக்கமாக்கிக்கொண்ட விகிதம். நாளைக்கு முதலாளி பங்கு கூடினாலும் குறைந்தாலும் அதுவும் ஒரு விதிதான்.

இருப்பவரிடம் வாங்கி இல்லாதவருக்குப் பிரிப்பதை 'மறுபங்கீடு' என்கிறார்கள். அந்தச் சொல்லில் இருக்கும் சிக்கல் இதுதான் என்று நினைக்கிறேன். முதல் பங்கீடு ஏதோ மழை பெய்வது போல் தானாக நடந்துவிட்டதாகவும், அரசு இரண்டாவதாக வந்து கலைப்பதாகவும் அந்தச் சொல் நம்மை நம்ப வைக்கிறது. மணலி பக்கம் போனால் ஆலை போர்டுகளில் 'லிமிடெட்' என்று இருக்கும். கம்பெனி கடனில் மூழ்கினால் பங்குதாரர் போட்ட பணம் போகும், அவர் வீட்டையும் நகையையும் கடன்காரர் தொட முடியாது என்று அதற்கு அர்த்தம். பெருஞ்செல்வம் சேர அதைப் போல உதவிய சட்டம் குறைவு. அதைக் கொடுத்தது அரசு. துறைமுகம், சாலை, போலீஸ், கோர்ட்டு எல்லாம் அப்படித்தான். முதல் பங்கிலேயே நாம் எல்லோரும் கை வைத்திருக்கிறோம்.

கொடையின் கதை

கொடுப்பது என்பதில் இரண்டு வகை உண்டு. செய்தால் புண்ணியம், செய்யாவிட்டால் குற்றமில்லை என்பது ஒன்று. செய்யாவிட்டால் குற்றம் என்பது இன்னொன்று. பெரும்பாலோர் தர்மத்தை முதல் வகையில் வைக்கிறோம். ஆஸ்திரேலியத் தத்துவவாதி பீட்டர் சிங்கர் 1972-இல் அதைப் பிடித்து இரண்டாவது வகைக்குத் தள்ளினார். ஆழமில்லாத குளத்தில் ஒரு குழந்தை மூழ்குகிறது, நீங்கள் இறங்கினால் துணி நனைந்து பாழாகும், அவ்வளவுதான் நஷ்டம். இறங்காமல் போனால் உங்களை யாராவது 'புண்ணியம் செய்யவில்லை' என்று மட்டும் சொல்வார்களா? காறித் துப்புவார்கள். புளியந்தோப்பில் மழைத் தண்ணீர் நிற்கும்போது கால்வாய் ஓரம் இதே காட்சியை நினைத்துக்கொள்ளலாம். அப்படியானால் தூரத்தில் பசியால் சாகும் குழந்தைக்கு உங்கள் செருப்பு விலையை அனுப்பாமல் இருப்பதும் அதே குற்றம்தானே என்கிறார் சிங்கர். நடுவில் இருக்கும் கிலோமீட்டர் கணக்கு நியாயத்தை மாற்றாது.

இதை முழுசாக ஏற்றால் நான் இந்த டீயைக்கூடக் குடிக்க முடியாது. அதனால்தான் பலர் ஓர் எல்லை தேடுகிறார்கள். மண்ணடியிலும் பழைய வண்ணாரப்பேட்டையிலும் அந்த எல்லை ரொம்ப காலமாகவே நடைமுறையில் இருக்கிறது: ஜகாத். குறிப்பிட்ட அளவுக்கு மேல் சொத்து ஒரு வருஷம் கையில் நின்றால் அதில் 2.5 சதவீதம், அதாவது நாற்பதில் ஒரு பங்கு. கணக்கு வருமானத்துக்கு அல்ல, கையிருப்புக்கு. இது கொடுப்பவரின் பெருந்தன்மை இல்லை, ஏழைக்கு அந்தப் பணத்தில் இருக்கும் உரிமை என்பது அதன் அடிப்படை. விரும்பிச் செய்யும் தானத்துக்கு சதகா என்று வேறு பெயர் இருக்கிறது. நம் நாட்டில் ஜகாத்தை வசூலிக்க எந்த அதிகாரியும் வருவதில்லை, மனசாட்சிதான் அதிகாரி. கொடைக்கும் வரிக்கும் நடுவில் இப்படியொரு திண்ணை இருப்பதைப் பலர் பார்ப்பதில்லை.

கொடைக்கு இருக்கும் பலத்தையும் சொல்லிவிட வேண்டும். அதற்கு ஃபைல் கிடையாது, டெண்டர் கிடையாது. வெள்ளம் வந்தால் அரசாங்கப் படகுக்கு முன்னால் மீனவர் படகு வந்து நிற்பதை இந்த ஊர் பார்த்திருக்கிறது. அந்தக் கொடையாளிகள் யாரும் பெருஞ்செல்வர்கள் இல்லை என்பது வேறு விஷயம்.

பெரும் பணக்காரர் கொடை வேறு மாதிரி. அதன் பெரிய உதாரணம் அமெரிக்க உருக்காலை முதலாளி ஆண்ட்ரூ கார்னகி. பணக்காரனாகவே செத்துப்போவது அவமானம் என்று 1889-இல் எழுதியவர். சொன்னபடியே உலகெங்கும் 2,500-க்கும் மேற்பட்ட நூலகங்களுக்குப் பணம் கொடுத்தார். ஆனால் நடுவில் 1892 வருகிறது. பென்சில்வேனியாவில் ஹோம்ஸ்டெட் என்ற ஊரில் அவருடைய உருக்காலையில் கூலிக் குறைப்பை எதிர்த்த தொழிலாளர்கள் மீது ஆயுதம் தாங்கிய தனியார் காவலர்கள் ஏவப்பட்டார்கள். இரண்டு பக்கமும் உயிர் போயிற்று. தொழிற்சங்கம் உடைந்தது.

பெரம்பூர்க்காரர்களுக்கு இந்தக் கதை புதிதாக இருக்காது. பின்னி கம்பெனியின் பக்கிங்காம், கர்நாடிக் மில்களில் தொழிலாளர் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், குடியிருப்பு, மருத்துவ வசதி எல்லாம் நிர்வாகமே கொடுத்தது. அந்தக் காலத்தில் அது பெரிய விஷயம், இல்லை என்று சொல்லக்கூடாது. ஆனாலும் அதே தொழிலாளர்கள்தான் 1918 ஏப்ரலில் பி.பி. வாடியா தலைமையில் சென்னைத் தொழிலாளர் சங்கம் அமைத்தார்கள். இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று அதைச் சொல்வார்கள். திரு.வி.க.வும் அதில் நின்றார். 1921-இல் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம், துப்பாக்கிச் சூடு, புளியந்தோப்பில் கலவரம். பள்ளிக்கூடம் கொடுத்த முதலாளியை எதிர்த்து இவ்வளவு ஏன்? மதியச் சாப்பாட்டு இடைவேளை போதவில்லை என்பது அவர்களுடைய ஆரம்பக் குறைகளில் ஒன்று. நிதானமாக உட்கார்ந்து சாப்பிடக் கூடுதல் நேரம் வேண்டும் என்பது நன்கொடைப் பட்டியலில் எழுதக்கூடிய பொருள் இல்லை. என்ன கொடுப்பது என்பதைக் கொடுக்கிறவர் முடிவு செய்யும்வரை, கேட்கிறவருக்கு வேண்டியது அதில் இருக்கும் என்று சொல்ல முடியாது.

இன்னொரு வேடிக்கை, பச்சையப்பர். ஆங்கிலேயர்களுக்குத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் வியாபாரத் தரகராகவும் இருந்து பெரும் பணம் சேர்த்தவர், 1794-இல் கோயிலுக்கும் தர்மத்துக்கும் உயில் எழுதிவிட்டு இறந்தார். பணம் பல பத்தாண்டுகள் வழக்கில் கிடந்தது. கோர்ட்டு தலையிட்டு, ஜார்ஜ் நார்ட்டன் என்ற அட்வகேட் ஜெனரல் முயற்சி எடுத்து, மிஞ்சிய பணத்தைக் கல்விக்குத் திருப்பிய பிறகுதான் 1842-இல் ஜார்ஜ் டவுனில் பச்சையப்பர் பள்ளி வந்தது. தனி மனிதரின் கொடை ஊருக்குப் போய்ச்சேரவே கோர்ட்டின் கட்டாயம் தேவைப்பட்டிருக்கிறது.

கட்டாயத்தின் கதை

கட்டாயப்படுத்தலாம் என்று சொல்பவர்களில் முக்கியமானவர் அமெரிக்கத் தத்துவவாதி ஜான் ரால்ஸ். 1971-இல் அவர் ஒரு கற்பனை சொன்னார். நீங்கள் இன்னும் பிறக்கவில்லை. போட் கிளப்பில் பங்களாவில் பிறப்பீர்களா, பக்கிங்காம் கால்வாய் ஓரத்தில் தகரக் கூரைக்குக் கீழே பிறப்பீர்களா என்பது தெரியாது. (இடங்கள் என்னுடையவை.) இப்போது ஊருக்குச் சட்டம் எழுதுங்கள். யாராக இருந்தாலும், தகரக் கூரையை மனசில் வைத்துத்தான் எழுதுவார்கள். ரால்ஸ் எல்லோருக்கும் ஒரே அளவு என்று கேட்கவில்லை. ஏற்றத்தாழ்வு இருக்கட்டும், ஆனால் அது அடிமட்டத்தில் இருப்பவருக்கு நன்மை செய்வதாக இருக்க வேண்டும் என்றார். நெதர்லாந்தில் பணியாற்றும் தத்துவவாதி இங்க்ரிட் ரோபைன்ஸ் இன்னும் ஒரு படி மேலே போய், ஒருவர் வைத்திருக்கும் சொத்துக்கே உச்சவரம்பு வேண்டும் என்கிறார். அளவுக்கு மீறிய பணம் அரசியலையே விலைக்கு வாங்கும் என்பது அவர் சொல்லும் காரணங்களில் ஒன்று. எனக்கு இந்தக் காரணம்தான் மற்ற எல்லாவற்றையும்விட அழுத்தமாகப் படுகிறது. பணக்காரர் மூன்று கார் வைத்திருப்பதில் எனக்குப் பொறாமை மட்டும்தான். அவர் சட்டத்தை வைத்திருந்தால் பயம்.

'உச்சவரம்பு' நமக்குப் புதிய சொல் இல்லை. தமிழ்நாட்டில் 1961 சட்டம் ஒரு குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் (நிலத்தின் தரத்தை வைத்துக் கணக்கிடும் ஏக்கர்) என்று வரம்பு வைத்தது. 1970-இல் அது 15 ஆனது. அதற்கு முன்பே, 1951-இல், வினோபா பாவே பூதான இயக்கத்தைத் தொடங்கி நிலக்கிழார்களிடம் நடந்தே போய் நிலத்தைத் தானமாகக் கேட்டார். ஒன்று சட்டம், ஒன்று வேண்டுகோள். வேண்டுகோளில் வந்ததில் பாறையும் பொட்டலும் நிறைய. சட்டத்தில் என்ன ஆயிற்று? நிலம் மாமன், மச்சான், பிறக்காத பேரன் பெயருக்கெல்லாம் மாறியது. கட்டாயம் போட்டால் வேலை முடிந்துவிடும் என்று நினைப்பவர்கள் இதை மறக்கக்கூடாது.

வரியிலும் அதே பாடு. 1973-74-இல் இந்தியாவில் வருமான வரியின் உச்ச வீதம், கூடுதல் வரியோடு சேர்த்து, 97.75 சதவீதம். மேல்தட்டு ரூபாயில் இரண்டேகால் பைசா கையில் நிற்கும். யார் ஒழுங்காகக் காட்டுவார்கள்? கறுப்புப் பணம்தான் கொழுத்தது. 1957-இல் வந்த செல்வ வரி 2015-இல் நீக்கப்பட்டது. (கார்ப்பரேஷனுக்கு நாம் கட்டும் வீட்டு வரி இல்லை இது, மொத்தச் சொத்தின் மீதான வரி.) 2013-14-இல் நாடு முழுவதும் அதில் வசூலானது 1,008 கோடி ரூபாய் மட்டுமே என்று நிதியமைச்சர் காரணம் சொன்னார். இறந்தவர் சொத்தின் மீது 1953 முதல் இருந்த எஸ்டேட் டியூட்டி 1985-இலேயே போய்விட்டது. ஆக, தாத்தாவின் லட்சம் கோடி பேரனுக்கு வரும்போது, வந்ததற்காக இன்று வரி ஏதும் இல்லை. பங்கின் விலை ஏறினாலும் விற்கும்வரை வரி இல்லை. ஆனால் என் அம்மா வாங்கும் சோப்பில் ஜி.எஸ்.டி. உண்டு. ஏழைகள் வரி கட்டுவதில்லை என்று யாராவது பேசினால் அந்த சோப்பை ஞாபகப்படுத்துங்கள்.

கட்டாயத்துக்கு இன்னோர் எல்லையும் உண்டு. சோவியத் ஒன்றியத்தில் வசதியான விவசாயிகளின் நிலத்தையும் தானியத்தையும் ஆயுதத்தோடு பறித்ததன் தொடர்ச்சியாக 1932-33-இல் லட்சக்கணக்கானோர் பட்டினியால் செத்தார்கள். வரி விதிப்பதற்கும் அதற்கும் நடுவில் தேர்தல், கோர்ட்டு, பத்திரிகை எல்லாம் இருக்கின்றன. அவை இருக்கும்வரைதான் வேல் வேறு, கோல் வேறு.

நம் நாட்டில் ஓர் ஒட்டுச்செடியும் இருக்கிறது, சி.எஸ்.ஆர்., அதாவது நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு. 2013 கம்பெனிச் சட்டத்தின்படி குறிப்பிட்ட அளவுக்கு மேல் பெரிய நிறுவனங்கள் தங்கள் மூன்று வருஷ சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். கட்டாயம், ஆனால் எதற்கு என்று தேர்வு செய்வது நிறுவனம். வரியின் கை, கொடையின் முகம். திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டுபவர் முகத்தில் அது சட்டக் கடமை என்ற சாயலே தெரியாது.

இங்கே ஒன்றைக் கலக்காமல் பிரித்துப் பார்க்கச் சொல்வேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் வந்து படிந்தது. வலையும் படகும் கறுத்தன, இறால் போயிற்று. அப்படிப்பட்ட இடத்தில் கெடுத்தவர் கொடுக்கும் பணத்துக்கு இழப்பீடு என்று பெயர். அது தர்மமும் இல்லை, மறுபங்கீடும் இல்லை, கடன். அதே ஆள் நடத்தும் இலவசக் கண் பரிசோதனை முகாம் அந்தக் கடனில் கழியாது. பெருஞ்செல்வத்தைப் பற்றிய பேச்சில் பாதிக் குழப்பம் இந்த மூன்றையும் ஒரே மூட்டையில் கட்டுவதால் வருவது.

பையனுக்கு இவ்வளவும் சொல்லி முடித்தபோது டீ ஆறிவிட்டது. அவன் விடவில்லை. "எப்படி வந்தா என்னண்ணா, வாங்குறவங்களுக்கு சோறு சோறுதானே?"

அதற்கு என்னிடம் தத்துவவாதி யாரும் இல்லை, அம்மாதான் இருந்தார். வெள்ளிக்கிழமை கோயில் அன்னதானத்துக்கு அம்மா போவார். சாம்பார் சாதத்தில் உப்பே இல்லாவிட்டாலும் வாயைத் திறக்க மாட்டார், இலையை மடித்துவிட்டு வந்துவிடுவார். அதே அம்மா ரேஷன் கடையில் பருப்பு ஐம்பது கிராம் குறைந்தால் வரிசை மொத்தமும் திரும்பிப் பார்க்கிற மாதிரி சண்டை போடுவார். ஏன் இப்படி என்று ஒருமுறை கேட்டேன்.

"அங்க கேட்டா அவங்க மனசு கஷ்டப்படும்" என்றார். "இங்க யாரு மனசு இருக்கு? கார்டு என்னுது."